ஒரு சிட்டிகை சங்கு பற்பம்

ஐப்பசி 4, திங்கள்

காலையில் கட்டிலுக்கு அடியில் எலி செத்துக் கிடக்கிறதென்று துடைப்பத்தோடு குனிந்தேன். எலி இல்லை. கட்டில்மேல் உட்கார்ந்து அத்தான் சாக்ஸைக் கழற்றிக்கொண்டிருந்தார். வாடை அவருடைய வலது காலிலிருந்து வந்தது.

சுண்டு விரலுக்குக் கீழே புண். சுற்றிலும் கறுத்து, நடுவில் மஞ்சளாக இருக்கிறது. மாவட்ட விளையாட்டுப் போட்டிக்கென்று வாங்கிய புது ஷூ கடித்ததாம். போட்டி முடிந்து எத்தனையோ நாளாகிவிட்டது. கேட்டால், "வலிக்கவே இல்ல குழலு, அதான் பாக்கல" என்கிறார். சர்க்கரை உள்ளவர்களுக்குக் காலில் வலி தெரியாது, தினமும் குனிந்து பாருங்கள் என்று ஊருக்கெல்லாம் நான் சொல்கிறேன். ஊர்ப் பையன்களையெல்லாம் விசிலடித்து ஓடவிட்ட பி.டி. வாத்தியாருக்குத் தன் காலைக் குனிந்து பார்க்க நேரமில்லை.

அவர் பையைத் துழாவினேன். உள்ளே மெடிக்கல் ஷாப் மாத்திரை அட்டைகள். தொண்டை கரகரத்தால் இரண்டு, தும்மினால் இரண்டு, எந்த அட்டையும் முழுதாக முடியவில்லை. என் கஷாயம் கசக்கிறதென்று எனக்குத் தெரியாமல் வருஷக்கணக்காக இதைத்தான் செய்துகொண்டிருந்திருக்கிறார். வாய்க்கு வந்தபடி ஏசிவிட்டேன். சித்த வைத்தியத்தில் பட்டம் வாங்கி, 'டாக்டர் குழல்வாய்மொழி' என்று வாசலில் பலகை மாட்டியிருக்கிற வீட்டுக்குள்ளேயே இந்தக் கூத்து.

திரிபலாக் கஷாயம் காய்ச்சிப் புண்ணைக் கழுவி, தைலம் போட்டுக் கட்டியிருக்கிறேன். தீபாவளி லேகியத்துக்கு இன்னும் சுக்கு இடிக்கவில்லை. கேட்டவர்கள் போன் மேல் போன் போட்டுப் பிடுங்குகிறார்கள்.

ஐப்பசி 5, செவ்வாய்

லேகியம் கிண்டி முடித்தேன். வெல்லம் கொஞ்சம் தூக்கல்.

புண் அப்படியேதான் இருக்கிறது. சாயங்காலம் அவருக்கு உடம்பு லேசாகச் சுட்டது. கையை வைத்துப் பார்த்தேன். தெர்மாமீட்டர் வைக்கவில்லை.

ஐப்பசி 6, புதன்

விடியும்போதே குளிரில் உதறினார். புண்ணிலிருந்து கணுக்கால் வரை சிவப்பு ஏறியிருந்தது. ஆட்டோ பிடித்துப் பாளையங்கோட்டையிலேயே ஒரு ஆஸ்பத்திரியில் சேர்த்தாயிற்று. சர்ஜன் பெயர் ஜெபசிங். வயசு நாற்பதைத் தொட்டிருக்காது. கட்டைப் பிரித்ததும் தைல வாசனை அறை முழுக்கப் பரவியது.

"கட்டு யாரு போட்டது?"

"நான்தான். நானும் டாக்டர்தான். சித்தா."

"வீட்ல எத்தனை நாளா வச்சுப் பாத்தீங்க மேடம்?"

"நேத்துதான் புண்ணையே பாத்தேன்" என்றேன்.

முந்தாநாள் என்று சொல்லியிருக்கலாம். ஒரு நாள் வித்தியாசத்தில் ஒன்றும் வந்துவிடாது.

ஐப்பசி 7, வியாழன்

அழுகிய சதையை வெட்டி எடுத்தார்கள். சீழைச் சோதனைக்கு அனுப்பியிருக்கிறார்கள். ஊசிக்கு மேல் ஊசி போடுகிறார்கள், காய்ச்சல் மட்டும் இறங்கவில்லை.

அம்பாசமுத்திரத்திலிருந்து சங்கரம்மா மைனி வந்துவிட்டாள். அத்தானுடைய அக்கா. தம்பியைத் தூக்கி வளர்த்தவள், அவர் காலைப் பார்த்ததும் முந்தானையை வாயில் வைத்து அடைத்துக்கொண்டாள். பிறகு என்னிடம் திரும்பினாள்.

"ஏளா குழலு, ஊருல உள்ளவன்லாம் புண்ணு பொரைக்கு ஒன்கிட்டதான வாரான். எம் தம்பிக்கு மட்டும் ஒன்கிட்ட மருந்து இல்லையா?"

தண்ணீர் பிடித்து வருகிறேன் என்று எழுந்து போய்விட்டேன்.

ஐப்பசி 9, சனி

ரிப்போர்ட் வந்துவிட்டது. ஜெபசிங் தன் அறைக்குக் கூப்பிட்டுக் காட்டினார். கிருமியின் பெயருக்குக் கீழே மருந்துகள் வரிசையாக இருந்தன. ஒவ்வொன்றுக்கும் நேராக 'ஆர்' போட்டிருந்தது. இந்த மருந்துக்கு இந்தக் கிருமி மசியாது என்று அர்த்தம். கடைசியில் இரண்டே இரண்டு தப்பித்திருந்தன.

"ஒண்ணு ஊசி. கிட்னியப் பதம் பாத்துரும். சாருக்கு ஏற்கெனவே கிட்னி சுமார்தான். அதனால அதைத் தொடப் பயமா இருக்கு. இன்னொண்ணு மாத்திரை. இது வேலை செஞ்சா கால் நிக்கும் மேடம்."

"செய்யலன்னா?"

அவர் ரிப்போர்ட்டை மடித்து உறைக்குள் வைத்தார். அந்த அரைகுறை மாத்திரை அட்டைகளெல்லாம் கண் முன்னால் வந்தன. இந்தக் கிருமிகளுக்குப் பாடம் சொல்லிக்கொடுத்ததே அவைதான்.

துணிந்து கேட்டுவிட்டேன். "கடுக்காய், நெல்லிக்காய், தான்றிக்காய் போட்டுக் காய்ச்சின கஷாயத்துல தினமும் புண்ணக் கழுவணும்னு நெனைக்கேன். உங்க மாத்திரை உள்ளேருந்து அடிக்கட்டும், நான் வெளியேருந்து கழுவுதேன்." சிரிப்பார் என்று நினைத்தேன். சிரித்திருந்தால் நாலு வார்த்தை தயாராக வைத்திருந்தேன்.

கொஞ்சம் யோசித்தார். "வெளியேதானே. நல்லாக் கொதிக்கவச்சு, வடிகட்டி, சுத்தமான பாத்திரத்துல கொண்டு வாங்க. சிஸ்டர் முன்னாடி கழுவுங்க. ஆனா வாய்க்குள்ள போறது எதுவா இருந்தாலும் எனக்குத் தெரியணும்."

"வாய்க்கு ஒண்ணும் குடுக்க மாட்டேன். மிளகு, திப்பிலி சேந்த சூரணமெல்லாம் சில இங்கிலீஷ் மருந்தோட வேகத்தக் கூட்டிரும். அதெல்லாம் நானும் படிச்சிருக்கேன்."

அவர் நிமிர்ந்து பார்த்தார். "இவ்வளவு கவனமா இருக்கீங்களே, சந்தோஷம் மேடம்" என்றார். கல்யாணமாகி இத்தனை வருஷத்தில் என் படிப்பு எனக்கு இவ்வளவு இனித்ததில்லை. மைனியிடம் போய்ச் சொன்னேன். "ரெண்டு வைத்தியமும் சேந்து பாக்கப் போவுதுன்னு சொல்லு" என்று மூக்கைச் சிந்தினாள்.

ஐப்பசி 10, ஞாயிறு

மாத்திரை அவருக்கு ஒத்துக்கொள்ளவில்லை. விழுங்கிய கொஞ்ச நேரத்தில் வயிற்றைப் பிசைந்துகொண்டு எழுந்தார். அவ்வளவும் பேசினுக்குள் வந்துவிட்டது. மாத்திரை பாதி கரைந்து மிதந்தது. மிச்சமிருப்பது இந்த ஒன்றுதான். இதுவும் உள்ளே தங்காவிட்டால் கால் போய்விடும்.

"இந்த எழவ நிறுத்தச் சொல்லு குழலு. நெஞ்செல்லாம் எரியுது."

வைத்தியசாலைக்குப் போய் சங்கு பற்பம் எடுத்து வந்தேன். சங்கைச் சுத்தி பண்ணிப் புடம் போட்டு எடுக்கிற வெள்ளைப் பொடி. நெஞ்செரிச்சல், குமட்டல் என்று வருகிறவர்களுக்குத் தினம் பொட்டலம் கட்டிக் கொடுப்பதுதான். ஒரு சிட்டிகை பாலில் கலந்து குடிக்கக் கொடுத்து, பிறகு மாத்திரை கொடுத்தேன். தங்கிவிட்டது. நல்ல பிள்ளையாகத் தூங்கிப்போனார்.

இதைப் போய் டாக்டரிடம் சொல்லவா? அப்படியானால் இஞ்சி மிட்டாய் தின்றார் என்பதையும் சொல்ல வேண்டி வரும்.

ஐப்பசி 11, திங்கள்

கஷாயம் கொதிக்கவைத்துக் கொண்டுபோய்க் கழுவினேன். ஸ்டெல்லா சிஸ்டர் பக்கத்தில் நின்று பார்த்தாள். நல்ல பெண், கை சுத்தம். பால் தம்ளரைப் பார்த்துவிட்டு, "இந்த மாத்திரையோட பால் குடுக்காதீங்க மேடம், மருந்து ஏறாது" என்றாள்.

இதெல்லாம் எங்கள் வைத்தியத்தில் புதுசா? மருந்தை எதில் குழைத்துக் கொடுக்கிறோமோ அதற்கு அனுபானம் என்று பெயர். தேன் சேராவிட்டால் நெய், நெய் சேராவிட்டால் வெந்நீர். மருந்து மாறாது, அனுபானம்தான் மாறும். பாலை நிறுத்திவிட்டு, பற்பத்தை நெய்யில் குழைத்துக் கொடுத்தேன். சொன்னதைக் கேட்டுக்கொண்டேன் என்று சிஸ்டருக்கும் சந்தோஷம்.

ஐப்பசி 14, வியாழன்

தீபாவளி. ஆஸ்பத்திரி வாசலில் யாரோ சரவெடி போட, வாட்ச்மேன் விரட்டிக்கொண்டு ஓடினார். மைனி தம்பி தலையில் ஒரு சொட்டு எண்ணெய் வைத்தாள். புது வேட்டியைப் பேருக்கு அவர் மடியில் போட்டுத் திரும்ப எடுத்துவைத்தோம். வார்டில் எல்லோருக்கும் லேகியம் கொடுத்தேன். அத்தானுக்குக் கொடுக்கவில்லை. அதில் மிளகும் திப்பிலியும் இருக்கிறது.

"ஊருக்கெல்லாம் குடுக்கா, எனக்கு நாக்குல தடவக்கூட மாட்டேங்கா" என்று பக்கத்துக் கட்டில்காரரிடம் கோள் சொன்னார். அவ்வளவு கறாராக இருக்கிறேன் நான்.

ஐப்பசி 15, வெள்ளி

புண் சிவந்துவிட்டது. நல்ல சிவப்பு, உயிருள்ள சதையின் சிவப்பு. வாடை இல்லை. சீழ் இல்லை, காய்ச்சலும் விட்டிருக்கிறது. ஜெபசிங் கையோடு இரண்டு பயிற்சி டாக்டர்களைக் கூப்பிட்டுக் காட்டினார். "இந்த அளவுக்கு நான் எதிர்பாக்கல. உங்க கஷாயத்துல என்னென்ன, எந்த அளவுன்னு எழுதிக் குடுங்க மேடம்" என்றார்.

மைனி கையெடுத்துக் கும்பிட்டாள். எனக்கா, அவருக்கா, திருச்செந்தூர் முருகனுக்கா என்று தெரியவில்லை. நான் எனக்கென்று வைத்துக்கொண்டேன்.

வேளாவேளைக்கு நெய், பற்பம், மாத்திரை. ஒரு தடவைகூட வாந்தி இல்லை.

ஐப்பசி 16, சனி

மறுபடி காய்ச்சல்.

ஐப்பசி 18, திங்கள்

எக்ஸ்ரே எடுத்தார்கள். புண் மேலே ஆறிக்கொண்டிருக்கிறது. உள்ளே எலும்பு அரித்துக்கொண்டிருக்கிறது. மேலே நான் கழுவிய இடம் மட்டும் பளிச்சென்று இருக்கிறது. மற்ற விரல்களும் கறுக்கத் தொடங்கிவிட்டன. ஜெபசிங் படத்தை வெளிச்சத்தில் பிடித்துக் காட்டினார்.

"உள்ள போற மருந்து கேக்கல. இந்த மாத்திரைக்கும் கிருமி பழகிருச்சோன்னு சந்தேகமா இருக்கு. திரும்பவும் கல்ச்சர் சோதனைக்கு அனுப்புறேன்."

வைத்தியசாலையைத் திறந்து எத்தனை நாளாயிற்று என்றே தெரியவில்லை. பூட்டின கதவில் யாரோ, 'மூட்டுவலித் தைலம் வேண்டும், எப்போது வருவீர்கள்' என்று சீட்டு செருகியிருந்தார்கள். கிழித்துப் போட்டேன். என் வீட்டுக்காரர் காலை நிறுத்த முடியாதவளிடம் ஊர்க்காரர்களுக்கு என்ன தைலம் வேண்டிக் கிடக்கிறது?

ஐப்பசி 20, புதன்

முழங்காலுக்குக் கீழே எடுக்க வேண்டும் என்று சொல்லிவிட்டார். வெள்ளிக்கிழமை காலை, முதல் கேஸ்.

ரிப்போர்ட்டை நான் பிடுங்கிப் பார்த்தேன். அதே கிருமி, அதே வரிசை. அந்த மாத்திரைக்கு நேராக இன்னும் 'எஸ்'தான் போட்டிருக்கிறது.

"இதுல மருந்து வேலை செய்யும்னுதான போட்டிருக்கு?"

"அதான் எனக்கும் புரியல மேடம். லேப்ல இந்த மருந்துக்கு அந்தக் கிருமி சாகுது. சார் உடம்புல சாகல. அப்படீன்னா மருந்து ரத்தத்துக்குப் போய்ச் சேரல. சார் மாத்திரைய ஒழுங்கா முழுங்குறாரா? சிலபேரு வாயில அடக்கிவச்சுத் துப்பிருவாங்க."

எனக்கு எங்கிருந்துதான் அவ்வளவு கோபம் வந்ததோ. "என் கையால நான் குடுக்கேன், என் கண்ணு முன்னால முழுங்குதாரு. வைத்தியம் தோத்துப்போச்சுன்னா தோத்துப்போச்சுன்னு சொல்லுங்க, எங்க மேல பழியப் போடாதீங்க" என்றேன். வராந்தாவில் போனவர்கள் நின்று பார்த்தார்கள்.

அவர் குரலை உயர்த்தவில்லை. "சரி மேடம். வேற ஏதாவது வாய்வழியாப் போகுதா?"

"கேட்டதையே கேக்காதீங்க. ஒண்ணும் போகல."

அத்தானிடம் யார் சொல்வது? நான்தான் சொன்னேன். கொஞ்ச நேரம் கூரையைப் பார்த்தார். "முட்டியோடயா?" என்று கேட்டார். முட்டிக்குக் கீழே என்றேன். "அப்ப முட்டி நிக்கும்லா" என்றார். அதற்குப் பிறகு முகத்தைத் துண்டால் மூடிக்கொண்டார். துண்டுக்கு அடியில் அவர் தோள் குலுங்கியது. நான் அழவில்லை. பாத்ரூமில் குழாயைத் திறந்துவிட்டு முகம் கழுவினேன், அவ்வளவுதான்.

ஐப்பசி 21, வியாழன்

சூரசம்ஹாரம். வார்டு டி.வி.யில் திருச்செந்தூர்க் கடற்கரை, ஒரே மனுஷத் தலையாகத் தெரிகிறது. மைனி ஆறு நாளாகச் சஷ்டி விரதம். கட்டில் காலைப் பிடித்துக்கொண்டு கந்தனைக் கூப்பிட்டபடி உட்கார்ந்திருந்தாள்.

காலை மாத்திரைக்கு நேரமாயிற்று. ஸ்டெல்லா அடுத்த கட்டிலில் ஊசி போட்டுக்கொண்டிருந்தாள். நான் அட்டையைப் பிரித்தேன்.

"பொறு, பொறு" என்றார் அத்தான். "முதல்ல ஒன் சுண்ணாம்பக் குடு. இல்லன்னா கொமட்டும்."

"என்ன சுண்ணாம்பு?"

"தெனம் நெய்யில தடவிக் குடுக்கியே, அந்த வெள்ளப் பொடிதான். வெத்தல போடுத மாதிரி நாக்கெல்லாம் அதே ருசி."

சங்கு என்றால் சுண்ணாம்பு. சங்கைச் சுட்டால் சுண்ணாம்பு. முதல் வருஷம் படிக்கிற பிள்ளைக்குக்கூடத் தெரியும். பாலில் இருப்பதும் அதே சத்துதான். அதனால்தானே சிஸ்டர் பால் வேண்டாமென்றாள். மாத்திரையை அந்தச் சத்து வயிற்றுக்குள்ளேயே கட்டிப்போட்டுவிடும், இரத்தத்துக்கு ஏறவிடாது. நான் பாலை நிறுத்திவிட்டு, பாலில் இருப்பதைவிடப் பல மடங்கு சுண்ணாம்பை நெய்யில் குழைத்து, மாத்திரைக்கு முன்னால் காவல் வைத்தேன். மிளகு ஆகாது, திப்பிலி ஆகாது என்று பெரிய படிப்பெல்லாம் பேசினேன். கையில் இருந்ததை நான் பார்க்கவேயில்லை.

"பொடி தீந்துபோச்சு" என்றேன். வெறும் தண்ணீரில் மாத்திரையைக் கொடுத்தேன். ஓங்கரித்தார். நெஞ்சைத் தடவிவிட்டேன். தங்கிவிட்டது.

அதற்குப் பிறகு பிளாஸ்க்கைக் கழுவினேன். இட்லி வாங்கப் போனேன். துவைத்த துண்டை மறுபடி துவைத்தேன். யாரிடமும் சொல்லாமல் நிறுத்திவிட்டால் போதும் என்று மனசு சொல்லிக்கொண்டே இருந்தது. யாருக்குத் தெரியப்போகிறது? பொடி என்னுடையது, சம்படம் என்னுடையது. ஆனால் நாளைக் காலையில் முதல் கேஸ் அவர் கால். மருந்து தோற்றுப்போனதென்று நினைத்துத்தான் டாக்டர் வெட்டப்போகிறார். மருந்து இன்னும் உள்ளேயே போகவில்லை என்று தெரிந்தால்தான் நிறுத்துவார். அதைச் சொல்ல என்னைத் தவிர ஆளில்லை.

சாயங்காலம் நாலு மணிக்குத்தான் ஜெபசிங் அறையில் டிபன் பாக்ஸைத் திறந்திருந்தார். நின்றபடியே சொன்னேன். உட்கார்ந்திருந்தால் சொல்லியிருக்க மாட்டேன்.

"சங்கு பற்பம் குடுத்தேன். மாத்திரைக்கு முன்னாடி."

"எப்பருந்து?"

"மாத்திரை ஆரம்பிச்ச மறுநாள்லருந்து. வேளை தவறாம."

ஸ்பூனைக் கீழே வைத்தார். "ரெண்டு தடவை கேட்டேனே மேடம்."

அவ்வளவுதான் சொன்னார். நேற்று நான் அவரிடம் கத்தியது போல் அவர் என்னிடம் கத்தியிருந்தால் தேவலை. அந்த இடத்திலேயே செத்துப்போகலாம் போலிருந்தது.

பிறகு போனை எடுத்து ஆப்பரேஷன் தியேட்டரில் நாளை முதல் கேஸ் இல்லையென்று சொன்னார். "ரெண்டு நாள் பாக்கலாம். வெறும் தண்ணியில மாத்திரை, சிஸ்டர் பக்கத்துல நிக்கணும். பிரஷர் இறங்க ஆரம்பிச்சா நான் காத்திருக்க மாட்டேன், காலை எடுத்துருவேன். இது கேஸ் ஷீட்டுல ஏறணும்."

"ஏத்துங்க."

"சார்கிட்ட நான் சொல்லப் போறதில்ல. அது உங்க விஷயம்."

வார்டுக்கு வந்து ஆப்பரேஷன் தள்ளிப்போயிருக்கிறது என்று மட்டும் சொன்னேன். டி.வி.யில் சூரன் தலை விழுந்தது. "முருகா, கேட்டுட்டியே" என்று மைனி தரையில் விழுந்து கும்பிட்டாள்.

ஐப்பசி 22, வெள்ளி

காய்ச்சல் இறங்கவில்லை. அவர் என் கையைப் பிடித்துக்கொண்டு, "நீ எதோ டாக்டர்கிட்டப் பேசித்தான் நிறுத்திருக்க, எனக்குத் தெரியும்" என்றார். தலையணை உறையை மாற்றினேன்.

ஐப்பசி 23, சனி

காய்ச்சல் அதேதான். மூன்று தடவை வாந்தி வரப் பார்த்தது. ஸ்டெல்லா ஐஸ்கட்டி வாயில் வைக்கச் சொன்னாள், கொஞ்சம் கேட்டது. ஐஸ்கட்டி. அன்றைக்கே சிஸ்டரிடம் வாயைத் திறந்து கேட்டிருந்தால் அன்றைக்கே கிடைத்திருக்கும்.

ஜெபசிங் வாசலில் நின்று பிரஷர் சார்ட்டைப் பார்த்துவிட்டுப் போனார். என் பக்கம் திரும்பவில்லை. கும்பிடாத தெய்வமில்லை. எனக்கு அதிலெல்லாம் ரொம்ப நம்பிக்கை இல்லையென்று அவற்றுக்கும் தெரிந்திருக்கும்.

ஐப்பசி 24, ஞாயிறு

விடியற்காலையில் வேர்த்தார். தலையணை நனைகிற அளவுக்கு வேர்த்தார். தொட்டுப் பார்த்தேன், நெற்றி சில்லென்று இருந்தது. ஸ்டெல்லா தெர்மாமீட்டரைக் காட்டினாள். நான் வராந்தாவுக்கு ஓடிப்போய்ச் சுவரில் சாய்ந்து அழுதேன். இதை எழுதிவைக்க வெட்கமில்லை.

ஐப்பசி 26, செவ்வாய்

மருந்து உள்ளே போய்ச் சேர்ந்ததும் கிருமி மடங்கிவிட்டது. ஆனால் ஏற்கெனவே செத்த இடம் பிழைக்காதல்லவா. விரல் ஐந்தும், பாதத்தின் முன்பாதியும் எடுத்துவிட்டார்கள். குதிகால் நிற்கிறது. முட்டி நிற்கிறது. அளவெடுத்துச் செய்த செருப்பு போட்டால் நடக்கலாம் என்கிறார்கள்.

தியேட்டர் வாசலில் ஜெபசிங்கைக் கேட்டேன். "மருந்து முதல்லருந்தே ஏறியிருந்தா இதுவும் போயிருக்காதுதான?"

"சுண்டு விரல் எப்படியும் போயிருக்கும் மேடம். மத்தது... சொல்ல முடியாது. போயிருக்கலாம், போகாமலும் இருந்திருக்கலாம்."

பொய் சொல்லத் தெரியாத மனுஷன். கொஞ்சம் பொய் சொல்லியிருக்கலாம்.

ஐப்பசி 29, வெள்ளி

புண் நன்றாக ஆறுகிறது. கழுவும் கஷாயத்தை நிறுத்த வேண்டாம் என்று ஜெபசிங்கே சொல்லிவிட்டார். "அது நிஜமாவே உதவி செய்யுது. அதைக் கொண்டு வாங்க. மத்த எதையும் கொண்டு வராதீங்க." பயிற்சி டாக்டர்கள் மறுபடி வந்து குறித்துக்கொண்டார்கள்.

மைனி வார்டு வார்டாகப் போய்த் தண்டோரா போடுகிறாள். "முட்டியோட எடுக்கணும்னு நாள் குறிச்சிட்டாவ. எங்க குழலு விடல. அவ கஷாயத்துலதான் எம் தம்பி காலு நின்னுச்சி." பக்கத்து வார்டிலிருந்து ஒரு அம்மா, தன் மகனுக்கு ஆறாத புண் இருக்கிறது, அந்த மருந்து அவனுக்கும் வேண்டும் என்று என் கையைப் பிடித்துக்கொண்டாள். "மொதல்ல உங்க டாக்டர்கிட்டக் கேளுங்க" என்று வெடுக்கென்று கையை இழுத்துக்கொண்டேன். அந்த அம்மா திகைத்துப்போய் நின்றாள்.

"என்னளா, இம்புட்டு மண்டக்கனம் ஆகாது" என்றாள் மைனி.

அத்தான் சிரித்தார். "அவ அப்படித்தான்க்கா. ஆனா அவ கை இல்லன்னா நான் இன்னைக்கு ஒத்தக்காலன்" என்றார்.

சாப்பாட்டை மூடிவைத்துவிட்டு, கழுவின பிளாஸ்க்கை மறுபடி கழுவப் போனேன்.

கார்த்திகை 2, ஞாயிறு

நாளைக்கு வீட்டுக்குப் போகலாம் என்று சொல்லிவிட்டார்கள். மைனி துணிகளை மடித்து எடுத்துக்கொண்டு வீட்டைக் கூட்டிவைக்கப் போய்விட்டாள். அத்தான் உற்சாகமாக இருந்தார். மைதானத்தில் ஒரு நாற்காலி போட்டு உட்கார்ந்து விசிலடிக்கப் போவதாகவும், ஓடுவது பையன்கள்தானே, வாத்தியாருக்கு எதற்கு விரல் என்றும் பேசிக்கொண்டே போனார்.

நான் ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தேன். சொன்னேன். ஒன்றையும் விடவில்லை. வீட்டில் இரண்டு நாள் வைத்துப் பார்த்ததை டாக்டரிடம் ஒரு நாள் என்று சொன்னதையும் சொன்னேன். சங்கு பற்பத்தைச் சொன்னேன். பாலை நெய்யாக்கியதைச் சொன்னேன். இரண்டு தடவை கேட்டும் இல்லையென்று சாதித்ததைச் சொன்னேன்.

அவர் கட்டுப் போட்ட பாதத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"அந்த வெள்ளப் பொடியா?"

"ஆமா."

"அது இல்லன்னா வெரலு இருந்திருக்குமா?"

"சுண்டு விரல் போயிருக்கும். மத்தது இருந்திருக்கலாம்."

"டாக்டருக்குத் தெரியுமா?"

"அன்னைக்கே சொல்லிட்டேன். அதனாலதான் ஆப்பரேஷன நிறுத்துனாரு."

"அக்காவுக்கு?"

"தெரியாது."

"அவகிட்டச் சொல்லாத. தாங்க மாட்டா."

ஏசுவார் என்று காத்திருந்தேன். அவருடைய மாத்திரை அட்டைகளுக்காக நான் அன்று ஏசியதில் கால்வாசி ஏசியிருந்தாலும் போதும், நிம்மதியாக வாங்கிக்கொண்டிருப்பேன். அவர் ஜன்னல் பக்கம் பார்த்தார். வெளியே மழை தூறிக்கொண்டிருந்தது.

மாத்திரைக்கு நேரமாயிற்று. தம்ளரில் தண்ணீர் ஊற்றினேன். அட்டையிலிருந்து மாத்திரையை எடுத்து, உள்ளங்கையில் வைத்து நீட்டினேன்.

அவர் கையை நீட்டவில்லை.

"சிஸ்டரக் கூப்பிடு" என்றார்.

குரலில் கோபமில்லை. வராந்தாவுக்குப் போய் ஸ்டெல்லாவைக் கூட்டி வந்தேன். அவள் அட்டையிலிருந்து வேறொரு மாத்திரையை எடுத்துக் கொடுத்தாள். அவர் தண்ணீரோடு விழுங்கிவிட்டு, வாயைத் திறந்து அவளுக்குக் காட்டினார்.